ஏழு நிமிடம் முந்திய பூமி

மறுபடியும் உரால் மலையைத் தாண்டிவிட்டது.

சரியாகப் பதினொரு மணி. கருவியின் கண்ணாடியில் கீறியிருந்த சிலுவைக் குறிக்குக் கீழே அந்த நேரத்தில் டென்மார்க் வந்து நிற்க வேண்டும். வந்து நின்றதோ சைபீரியாவின் தொடக்கம். நேற்றும் அதே இடம், முந்தாநாளும் அதே இடம். பெரிய தோடம்பழம் அளவிலான அந்தப் பூமி உருண்டை, யாருக்கு என்ன வந்தால் எனக்கென்ன என்று டிக் டிக்கென்று தன்பாட்டில் சுற்றிக்கொண்டிருந்தது.

“ஏழு நிமிடம் முந்திப் போகிறது,” என்று சொல்லிக்கொண்டே ஜோனாஸ் குறிப்பேட்டில் எழுதினான். “உள்ளே சுற்றும் பற்சில்லுகளில்தான் பிழை, அருமை.”

“என்னுடைய பற்சில்லுகளில் பிழை இல்லை. உன்னுடைய கம்ப்யூட்டரைப் பார்,” என்றாள் அருமைநாயகி.

இருவரும் டேனிஷில்தான் பேசினார்கள். ஜோனாஸ் அவள் வேலை செய்யும் அருங்காட்சியகத்தின் பொறியியலாளன், முப்பத்தைந்து வயது, நல்ல பிள்ளை, அவளை ‘அருமை’ என்றே கூப்பிடுவான். டேனிஷில் பெரியவருக்கும் சிறியவருக்கும் ஒரே ‘நீ’தான். முப்பத்துமூன்று வருடத்தில் அது அவளுக்குப் பழகிவிட்டது. கோபம் வரும்போது மட்டும், இந்தப் பொடியன் என்னை ‘நீ’ என்கிறானே என்று ஒருதரம் சுருக்கென்று குத்தும். இந்த மூன்று கிழமையாக ஒவ்வொரு நாளும் பதினொரு மணிக்குக் குத்தியது.

டென்மார்க்கில், ஹோர்சன்ஸ் நகரில் இருக்கும் தமிழ் ஆட்களிடம் அருமைநாயகியைப் பற்றிக் கேட்டால், கைவேலை சுத்தம், வாய்தான் கொஞ்சம் நீளம் என்பார்கள். இரண்டும் உண்மை. மட்டக்களப்பிலிருந்து இருபத்திரண்டு வயதில் வந்திறங்கியவள். மொழிப் பள்ளி, பிறகு ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை, அதற்குப் பிறகு கொதிகலன்களுக்கு அழுத்தம் காட்டும் மனோமீட்டர் செய்கிற தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம். கடுகு அளவு திருகாணியைச் சாமணத்தால் தூக்கி, மூச்சை அடக்கிக்கொண்டு இடத்தில் வைக்கிற வேலை. அவள் கையால் போன மனோமீட்டர் ஒன்றுகூட பிழையென்று திரும்பி வந்ததில்லை என்று சொல்லிக்கொள்வாள். ஒருதரம் சொன்னால் பரவாயில்லை, கோயில் திருவிழா, பிறந்தநாள் விழா, எங்கே கண்டாலும் சொல்லுவாள்.

அந்த வேலையின் முதல் மாரிகாலத்தில்தான் மணிக்கூட்டுக் கதை தொடங்கியது. காலை ஆறு மணி வேலை. ஒரு நாள் பனியில் பஸ்ஸைத் தவறவிட்டுப் பிந்திப் போனாள். மேற்பார்வையாளர் ஏசவில்லை. தன் கைக்கடிகாரத்தை ஒருதரம் பார்த்தார், அவளை ஒருதரம் பார்த்தார், அவ்வளவுதான். அதற்கு நாலு வார்த்தை ஏசியிருக்கலாம். அன்று பின்னேரமே கணவர் சிவபாதம் சமையலறை மணிக்கூட்டை ஐந்து நிமிடம் முன்னால் தள்ளி வைத்தார். காணாது என்று அவள் இன்னும் இரண்டு தள்ளினாள்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் எல்லாம் ஏழு நிமிடம் முன்னால்தான். சமையலறை மணிக்கூடு, அடுப்பில் மின்னுகிற எண், காரில் இருப்பது, அவள் கையில் இருப்பது. வெளிக்கிடும்போது எல்லோரும் மனதுக்குள் ஏழைக் கழித்துவிட்டு ஆறுதலாக வெளிக்கிடுவார்கள். பிறகு எதற்கு அந்த ஏழு என்று மகள் நிலானி டேனிஷில் கேட்பாள். “அது அப்பிடித்தான் பிள்ளை” என்பதைத் தவிர அருமைநாயகியிடம் மறுமொழி இருந்ததில்லை. சும்மா சொல்லக்கூடாது, நம் ஆட்கள் வீட்டில் பாதிக்கு மேல் இப்படித்தான். மணிக்கூட்டைப் பத்து நிமிடம் முந்த வைத்துவிட்டுக் கலியாண வீட்டுக்கு ஒன்றரை மணித்தியாலம் பிந்திப் போவார்கள்.

தொழிற்சாலை போலந்துக்குப் போனபோது அவளுக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. நகரசபையின் வேலை அலுவலகம் ஒரு வருடம் அலைக்கழித்துவிட்டு, ஊருக்கு வெளியே பழைய மின்நிலையத்தில் இருந்த சிறிய தொழில்நுட்ப அருங்காட்சியகத்துக்குத் தூசி துடைக்க அனுப்பியது. அங்கேதான், பின்னறையில், பழைய போர்வைக்குக் கீழே அந்தக் கருவிப் பலகையைக் கண்டாள். மனிதர்கள் முதன்முதலில் விண்வெளிக்குப் போன காலத்தில், சோவியத் நாட்டில் வீரர்களைப் பழக்குவதற்காகச் செய்தது. யாரோ ஒரு சேகரிப்பாளர் வாங்கி வைத்திருந்து, அவர் செத்த பிறகு பிள்ளைகள் கொண்டுவந்து தள்ளிவிட்டுப் போயிருந்தார்கள். ஒரு மணிக்கூடு, இரண்டு அழுத்தமானி, நடுவில் அந்த உருண்டை. அழுத்தமானியின் முள் தடையாணிக்கு மறுபக்கம் போய் மாட்டியிருந்தது. அருமைநாயகி பொறுப்பாளரிடம் கேட்கவுமில்லை, ஒன்றுமில்லை. பையிலிருந்த சாமணத்தை எடுத்து, மூடியைக் கழற்றி, முள்ளை இடத்தில் வைத்துவிட்டுத் தூசி துடைக்கப் போனாள். அதற்குப் பிறகு அவளை யாரும் தூசி துடைக்க விடவில்லை.

அந்த உருண்டை கெட்டிக்காரச் சாமான். வீரன் அதைப் பார்த்தால், தான் இப்போது பூமியின் எந்த இடத்துக்கு மேலே பறக்கிறேன் என்று தெரியும். ஆனால் அது வெளியே எதையும் பார்ப்பதில்லை, யாரிடமும் கேட்பதுமில்லை. எங்கே தொடங்க வேண்டும் என்று ஆள் குமிழைத் திருகி வைத்துவிட்டு, குறித்த நேரத்துக்குத் தட்டிவிட வேண்டும். அதற்குப் பிறகு நொடிக்கொரு தட்டு, தட்டுக்கொரு பல், தொண்ணூற்றொரு நிமிடத்தில் ஒரு சுற்று. சொன்னது பிழையென்றால் பிழையையே நம்பிக்கொண்டு கடைசிவரைக்கும் சுற்றும்.

அதை உயிர்ப்பிக்க அவளுக்கு ஐந்து மாதம் எடுத்தது. உள்ளே அறுபது வருடத்துக் கிரீஸ் மெழுகாகிக் கிடந்தது. பற்சில்லு ஒன்றில் மூன்று பல் போயிருந்தது. பித்தளைத் தகட்டில் அரத்தால் ராவி ராவிப் புதிதாக ஒன்று செய்தாள். முதல் இரண்டும் பாழ், மூன்றாவது பொருந்தியது. முதன்முதலாக உருண்டை ஒரு பல் நகர்ந்த அன்று, ஜோனாஸ் அவளைக் கட்டிப்பிடித்தான். அப்போது ‘நீ’ குத்தவில்லை.

அதற்குப் பிறகுதான் இந்தச் சனியன் பிடித்தது. ஆனி மாதத் திறப்பு விழாவுக்கு ஜோனாஸ் ஒரு நிகழ்ச்சி எழுதியிருந்தான். காலை ஒன்பது மணிக்கு உருண்டையை ஓட்டிவிட்டால், பதினொரு மணிக்குப் பள்ளிப் பிள்ளைகள் சுற்றி நிற்க, டென்மார்க் சிலுவைக் குறிக்குக் கீழே வரும். ஒத்திகை ஒவ்வொரு நாளும் நடந்தது. காலையில் முதலில் வருபவள் அவள்தான். மின்சாரத்தை நிறுத்தினால் பலகை மணிக்கூடும் நின்றுவிடும் என்பதால், கைக்கடிகாரத்தைப் பார்த்து அதற்கு நேரம் வைப்பாள். பழைய வழக்கப்படி மொஸ்கோ நேரம், இங்கேயுள்ளதைவிட ஒரு மணித்தியாலம் கூட. அதனால் அதை மண்டபத்து மணிக்கூட்டோடு யாரும் ஒப்பிட்டுப் பார்த்ததில்லை. பலகை மணிக்கூடு பத்தைத் தொட்டதும், ஜோனாஸ் தாளில் எழுதிக் கொடுத்த இடத்தில் உருண்டையைப் பொருத்தித் தட்டிவிடுவாள். பதினொரு மணிக்கு ஜோனாஸ் கணினியோடு வந்து நிற்பான், சைபீரியாவும் வந்து நிற்கும்.

நான்கு தரம் கழற்றிப் பூட்டினாள். ஒவ்வொரு பல்லாக எண்ணினாள். தனியே வைத்து ஸ்டொப் வோச்சால் ஒரு சுற்றை அளந்தால் தொண்ணூற்றொரு நிமிடம், மூன்று நொடிகூடப் பிசகவில்லை. மண்டபத்துக்குக் கொண்டுபோனால் ஏழு நிமிடம் முந்துகிறது! வீட்டில் நல்லாய்ப் பாடிவிட்டு மேடையில் வாயைத் திறக்காத பிள்ளையைப்போல. அவளுக்கு மண்டை காய்ந்தது. ஜோனாஸின் அட்டவணை பிழை, கணினி பிழை, கரண்ட் பிழை என்று கண்ட ஆளிடமெல்லாம் சொல்லித் தீர்த்தாள். தன் பற்சில்லைப் பற்றி ஒரு சொல் கேட்கத் தயாரில்லை.

திங்கட்கிழமை பொறுப்பாளர் ஸ்ரெபானி அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். மெதுவாகப் பேசுகிற மனுஷி. அதுதான் பயம்.

“வியாழக்கிழமை விழா. மூன்று வகுப்புப் பிள்ளைகள், நகர மேயர். நாளைக் காலை இதை எடுத்துப்போக வேறு ஊர்ப் பட்டறையிலிருந்து வான் வண்டி வரும். உள்ளே இருக்கும் பற்சில்லுகளை எடுத்துவிட்டு ஒரு சின்ன மின்மோட்டார் போட்டு, புதன்கிழமை கொண்டுவந்து தருவார்கள். கணினியே ஓட்டும். வெளியே பார்க்க ஒரே மாதிரி இருக்கும். உன் பற்சில்லுகளைப் பக்கத்திலே கண்ணாடிப் பெட்டியில், உன் பெயரோடு வைப்போம்.”

நெஞ்சைப் பிடுங்கிக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிட்டு ஆளை நடக்கச் சொல்லுகிறார்களே! அதற்குப் பெயர்ப்பலகை வேறு! ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்ல என்ன இருக்கிறது? மூன்று கிழமை, ஒவ்வொரு நாளும் ஏழு நிமிடம். அருமைநாயகி எழும்பி வந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்தும் அடங்கவில்லை. சட்டிகளைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தாள்.

“இஞ்சாருங்கோ, என்ரை பற்சில்லெல்லாத்தையும் பிடுங்கி எறியப் போறாங்கள்.”

“எறியேல்லையே. பெட்டிக்குள்ள வைக்கினம் எண்டெல்லோ சொன்னீர்,” என்றார் சிவபாதம்.

“ஓம், உங்களையும் ஒரு பெட்டிக்குள்ள வைக்கட்டே?”

சிவபாதத்துக்கு எப்போது வாயை மூட வேண்டும் என்று தெரியும். சமையலறை மணிக்கூடு பற்றரி முடிந்து நின்றிருந்தது. நல்ல சாட்டு என்று கதிரையைப் போட்டு ஏறிப் புதுப் பற்றரி போட்டார்.

“நேரம் என்ன?”

“ஏழு மணி,” என்றாள் கையைத் திருப்பிப் பார்த்து. அவர் முள்ளைத் திருகிவிட்டு இறங்கினார்.

மறுநாள் காலை சமையலறை மணிக்கூட்டைப் பார்த்து, வழக்கம்போல ஏழைக் கழித்து, வெளிக்கிட்டு பஸ் தரிப்பிடத்துக்கு வந்தாள். வழக்கமாக ஏறுகிற பஸ்ஸுக்கு முந்திய பஸ் வந்து நின்றது. ஏதோ பிந்தி வருகிறது என்று நினைத்து ஏறினாள். சாரதிக்கு மேலே திரையில் 7.46 என்று ஓடியது. கையைப் பார்த்தாள், 7.53, வழக்கமான ஏழு கூட. அது சரி. ஆனால் வெளிக்கிட்ட நேரத்தோடு நடந்ததைக் கூட்டினால், வீட்டு மணிக்கூட்டின்படி இப்போது எட்டு! உடனே சிவபாதத்துக்குப் போன் எடுத்தாள்.

“மணிக்கூட்டுக்கு என்ன நேரம் வைச்சனீங்கள்?”

“நீர் சொன்னதுக்கு மேல ஏழு தள்ளி வைச்சன். எப்பவும் வைக்கிறதுதானே.”

“நான் சொன்னது கையில கிடந்ததைப் பாத்தெல்லோ! அதில ஏற்கனவே ஏழு கிடக்கு!”

“அதை எனக்கு ஆர் சொன்னது? அப்ப ஏழோட ஏழு,” என்றார் அவர், கணக்குச் சரிவந்த சந்தோஷத்தில்.

நல்லாய் நாலு கேட்க வாயைத் திறந்தாள். கண் மறுபடியும் கைக்கடிகாரத்துக்குப் போனது.

பலகை மணிக்கூட்டுக்கு நேரம் சொன்னது யார்? இந்தக் கை. இந்தக் கையில் கிடக்கிற கடிகாரம். ஒவ்வொரு நாளும் உருண்டையை ஏழு நிமிடம் முன்னதாகத் தட்டிவிட்டவள் அவளேதான். பற்சில்லில் பிழை இல்லை. அட்டவணையிலும் இல்லை, கணினியிலும் இல்லை. ஐயோ, அந்தப் பொடியனை மூன்று கிழமையாக என்னென்ன சொல்லியிருக்கிறேன்!

போகிற வழியெல்லாம் ஒரு யோசனை அவளைப் பிறாண்டியது. ஒன்றும் சொல்லாமல் இன்றைக்கு நேரத்தைச் சரியாக வைத்துவிட்டால் என்ன? இரவிரவாக யோசித்துத் திருத்திவிட்டேன் என்றால் யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் சரி என்று காட்டப் பதினொரு மணி ஆகும். வான் எட்டரைக்கு வரும். காரணம் சொல்லாமல் வானை நிறுத்த முடியாது. காரணம் சொன்னால் மூக்கு உடையும்.

அவள் உள்ளே நுழைந்தபோது, வானுக்காக அன்றைக்கு நேரத்தோடே வந்திருந்த ஜோனாஸ் பலகையின் பின்பக்கம் இருந்த கம்பிகளை ஏற்கனவே வெட்டிவிட்டிருந்தான். ஆறு திருகாணியில் நாலு கழன்றுவிட்டது. ஸ்ரெபானி கையில் படிவத்தோடு நின்றார்.

“நிறுத்து,” என்றாள். “பிழை என்னிடம்.”

கைக்கடிகாரத்தைக் கழற்றி ஜோனாஸ் கையில் வைத்தாள். அவன் அதைப் பார்த்தான், மண்டபத்து மணிக்கூட்டைப் பார்த்தான். குறிப்பேட்டை எடுத்து மூன்று கிழமைப் பக்கங்களைத் தட்டினான். ஏழு, ஏழு, ஏழு. அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டான்.

“மூன்று கிழமை, அருமை,” என்றான். “நான் அந்தக் கணக்கை ஐந்து தரம் திரும்ப எழுதினேன்.”

அவன் சிரித்திருந்தால் தாங்கியிருப்பாள். சிரிக்கவில்லை.

ஸ்ரெபானிக்குத்தான் விளங்கவே இல்லை. “உன் கடிகாரம் பிழை என்று உனக்கு முன்பே தெரியுமா?”

“தெரியும். நானே வைத்ததுதான். பிந்தாமல் இருக்க.”

“பிழை என்று தெரிந்தால் நீ ஏழைக் கழித்துத்தானே பார்ப்பாய். பிறகு அதால் என்ன பயன்?”

இவரும் நிலானியும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தார்களோ என்று அருமைநாயகிக்கு எரிச்சல் வந்தது. ‘அது அப்பிடித்தான்’ என்பதை டேனிஷில் சொல்லிப் பார்த்தாள். வெட்கம் காதுவரைக்கும் ஏறிச் சுட்டது.

வான் வெறுமையாகத் திரும்பிப் போனது. அதுவரைக்கும் சரி. ஆனால் வெட்டிய கம்பிகளைத் திரும்பப் பொருத்த இரண்டு நாளும் போய்விடும் என்றான் ஜோனாஸ். ஒத்திகைக்கு நேரமில்லை, விழாவன்றுதான் முதல் ஓட்டம். ஸ்ரெபானி சம்மதித்துவிட்டு, போகிற போக்கில் ஒன்று சொன்னார். “இனி மணிக்கூட்டுக்கு ஜோனாஸ் நேரம் வைக்கட்டும், மண்டபத்து மணிக்கூட்டைப் பார்த்து. நீ வியாழக்கிழமை எட்டு மணிக்கு வர வேண்டாம். பத்தே முக்காலுக்கு வந்தால் போதும், விருந்தாளியாக. உன்னுடைய அந்த அழகான உடுப்பைப் போட்டுக்கொண்டு வா.”

நல்ல மனதோடுதான் சொன்னார். அவளுக்குக் கன்னத்தில் அறைந்ததுபோல இருந்தது. ஐந்து மாதம் பாடுபட்டவளுக்கு விருந்தாளி வேலை! தலையை ஆட்டிவிட்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாகச் சிவபாதத்தைக் கதிரையில் ஏற்றினாள். “எல்லாத்தையும் சரியான நேரத்துக்கு வையுங்கோ. ஒரு நிமிசம் கூடப்படாது, குறையப்படாது.”

“இருபது வருசத்துக்கு மேல பழகினது. உமக்குத்தான் கரைச்சல்.”

“வையுங்கோ எண்டு சொல்லுறன்!”

அடுப்பு, கார், சுவர், கை, எல்லாம் சரியான நேரத்துக்கு வந்தன. இத்தனை வருடத்தில் அந்த வீடு சரியான நேரத்தைக் கண்டது அன்றைக்குத்தான்.

வியாழக்கிழமை நீலப் பட்டுச் சேலை உடுத்தாள். பஸ் பத்து இருபதுக்கு. சிவபாதம் காரோடு வேலைக்குப் போய்விட்டார். வெளிக்கிடத் தயாராகிச் சுவரைப் பார்த்தாள், பத்து பதினாறு. இன்னும் நேரம் கிடக்கிறது என்று நினைத்தாள். கொசுவம் சரியில்லை. உருவி, திரும்ப மடித்து, ஊசி குத்தினாள். கண்ணாடியில் ஒருதரம் பார்த்தாள். பிறகு ஆறுதலாகக் கதவைப் பூட்டிக்கொண்டு மூலைக்கு வந்தபோது பஸ்ஸின் பின்பக்கம்தான் தெரிந்தது.

கையைத் தூக்கிக் கத்தினாள். சேலையைப் பிடித்துக்கொண்டு நாலு எட்டு ஓடினாள். பஸ் திரும்பிப் போய்விட்டது. யாரும் சொல்லாமலே அவளுக்கு விளங்கிவிட்டது. சரியான நேரத்திலிருந்து ஏழைக் கழித்திருக்கிறாள். சொல்லி வைத்ததும் இவளே, மறந்ததும் இவளே. அடுத்த பஸ் வரும்வரைக்கும் அந்தத் தரிப்பிடத்தில் நின்று தன்னைத்தானே ஏசினாள், தமிழில் தொடங்கி டேனிஷில் முடித்தாள். பக்கத்தில் நின்ற கிழவர் இரண்டடி தள்ளி நின்றுகொண்டார்.

அருங்காட்சியகப் படியில் ஏறும்போதே கைதட்டல் அடங்குகிற சத்தம் கேட்டது. பிள்ளைகள் பலகையை விட்டுப் பழச்சாறு மேசைக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். மண்டபத்து மணிக்கூட்டில் பதினொன்று ஏழு.

ஜோனாஸ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்தான். முகமெல்லாம் சிரிப்பு. “வந்தது, அருமை! நொடிகூடப் பிசகாமல் வந்தது! பிள்ளைகள் கத்தினதில் கூரை போயிருக்கும். நீ எங்கே நின்றாய்? நான் உன்னைத்தான் தேடினேன்.”

அவள் பலகைக்குக் கிட்டப் போனாள். உருண்டை டிக் டிக்கென்று சுற்றிக்கொண்டிருந்தது. சிலுவைக் குறி உரால் மலையைத் தாண்டி, சைபீரியாவின் தொடக்கத்தில் நின்றது. மூன்று கிழமையாகப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்த அதே இடம். இன்றைக்கு அது சரியான இடம். பிந்தி வந்தது அவள்.

கண் நிறைந்துவிட்டது. சேலைத் தலைப்பால் துடைத்தாள். ஜோனாஸுக்குப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும், குமிழில் கையை வைத்தான்.

“ஒரு நிமிடம் நில். டென்மார்க்கைத் திருப்பிக் கொண்டுவந்து உனக்குக் காட்டுகிறேன்.”

“கையை எடு!” என்றாள், பக்கத்திலிருந்த மேயர் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு. “அது சரியாக ஓடுகிறது. தொடாதே.”

சைபீரியா போய் முடியும்வரைக்கும் அங்கேயே நின்று பார்த்தாள். பிறகு கைக்கடிகாரத்தின் திருகை நகத்தால் வெளியே இழுத்து, ஏழு நிமிடம் முன்னால் தள்ளிவிட்டு, பிள்ளைகளுக்குச் சாறு ஊற்றிக் கொடுக்கப் போனாள்.